வன்னியிற் சூரியமின் ஆய்வுகூடம்: சிறுபொருளிற் பெருங்கல்வி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது தமிழ்மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. விஞ்ஞானக் கல்வியைப் பொறுத்தவரை அதனினும் பொருத்தமான வாக்கு வேறொன்றில்லை. நூலிற் படித்த விதியைக் கையாற் செய்து, கண்ணாற் கண்டு, எண்ணால் அளந்து அறியும்போதே அது கற்றவனுடைய உடைமையாகின்றது. அவ்வாறு அறிதற்குரிய இடமே ஆய்வுகூடம். ஆயின், ஆய்வுகூடமென்றவுடன் பெருஞ்செலவு என்ற எண்ணமே பலருள்ளத்தில் முன்னிற்கின்றது. செலவுக்கு அஞ்சி ஆய்வுகூடத்தையே கைவிடுவாரும் உளர். பெரும்பொருள் செலவிட்டும் பயன் காணாதாரும் உளர். இவ்விரு பிழைக்கும் இடங்கொடாது, வன்னிப் பெருநிலப்பரப்பில் ஒரு சூரியமின் ஆய்வுகூடத்தை அளவான பொருளைக்கொண்டு அமைக்கும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னி மக்களுக்கு மின்சாரத்தின் அருமையை எவரும் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. போர்க்காலத்திற் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் ஏறத்தாழ இரண்டு தசாப்தங்கள் நாட்டின் மின்வலையமைப்போடு தொடர்பற்றிருந்தன. ஜாம் போத்தலுள் திரியிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கொளியிற் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, தைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு பெரியோர் வானொலிச் செய்தி கேட்டார்கள். 2009 இல் போர் முடிவுற்றபின்பே வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் உயரழுத்த மின்மார்க்கம் வந்து சேர்ந்தது. அதன் பின்னரும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளின்றி மின்னிலையங்கள் ஓய்ந்து, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை நாடு முழுவதும் இருளில் மூழ்கிற்று. ஆதலால், தலைக்கு மேல் நாள்தோறும் வீணே பொழியும் ஞாயிற்றொளியை மின்னாக்கும் கலையை இம்மண்ணின் மாணாக்கர் ஐயந்திரிபறக் கற்றல் வாழ்வோடு பிணைந்த தேவையாகும்.

அக்கல்விக்கு வேண்டிய நிலைக்களங்களும் இன்று வன்னியில் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 ஆம் ஆண்டு கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கப்பெற்றது. அதே நகரில் 2016 இல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் தொழிற்கல்வி புகட்டத் தொடங்கிற்று. வவுனியா வளாகம் 2021 ஓகத்து முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு கூடித் தூயசக்தி ஆராய்ச்சியிலும் ஈடுபட்டு வந்துள்ளது. எனினும், வெளிநாட்டு உதவி எல்லாக் கல்லூரிக்கும் கிட்டுவதன்று. கிட்டியவிடத்தும் என்றும் நிலைப்பதன்று. தன் சொந்தப் பொருளைக் கொண்டு ஒரு கல்லூரியோ தொழிற்பயிற்சி நிலையமோ செய்யத்தக்கது யாது என்பதே கேள்வி.

முதற்கண் தெளியவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. மின்னைப் பிறப்பிக்கும் அமைப்பு வேறு. மின் பிறக்குமாற்றைக் கற்பிக்கும் அமைப்பு வேறு. கூரை முழுவதும் சூரியப்படல்களைப் பரப்பினால் நிறுவனத்தின் மின்கட்டணம் குறையும், அது நன்றே. ஆனால் மாணாக்கன் அங்கே காண்பது சுவரிற் பொருத்திய பெட்டியொன்றில் ஒளிரும் ஓர் இலக்கத்தை மட்டுமே. அவ்விலக்கம் காலையிற் சிறுத்து நண்பகலிற் பெருப்பதேன், வெயில் கடுமையாயிருந்தும் எதிர்பார்த்த அளவை எட்டாததேன் என்ற வினாக்களுக்கு அப்பெட்டி விடை கூறாது. கற்பிக்கும் கூடத்துக்கு வேண்டியது வலுவன்று, அளவீடு. ஆகவே, பொருள் சிறிதாயின் அதனை முதலில் அளக்குங் கருவிகளுக்கே செலவிடல் வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று அயல்நாட்டிலேயே உண்டு. சர் சி. வி. இராமன் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, தொலைநோக்கி வில்லையாற் குவித்த ஞாயிற்றொளியே தொடக்கத்தில் அவருக்கு விளக்காயிற்று. நிறக்கண்ணாடி வடிகளும் பழகிய கண்களுமே கருவிகளாயின. 1928 ஆம் ஆண்டிற் பிறந்த அக்கண்டுபிடிப்பு 1930 இல் நோபல் பரிசு பெற்றது. ஒளிக்கு ஞாயிற்றையும், பொருளுக்கு எளிமையையும், அளவீட்டுக்கு நுணுக்கத்தையும் நம்பிய அம்முறை சூரியமின் ஆய்வுகூடத்துக்கு மிகவும் ஏற்றது.

இனி, வன்னிக்கு இயற்கை வழங்கியுள்ள கருவியை நோக்குதல் தகும். கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வட அகலக்கோட்டில் அமைந்தது. வறண்ட வலயத்துச் சமதரையாதலின், ஆண்டுச் சராசரியாக ஒரு சதுரமீற்றரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோவாற்று மணி ஞாயிற்றுச் சக்தி விழுகின்றது. அன்றியும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணி மாதத்து நடுப்பகுதியிலும் ஞாயிறு கிளிநொச்சியின் உச்சிக்கு நேரே வருகின்றது. ஏப்ரல் 14 ஆந் திகதியளவில், பகல் 12 மணி 9 நிமிடத்தை ஒட்டி, நிலத்தில் நட்ட செங்குத்துக் கோலுக்கு நிழலில்லை. அவ்வேளையிற் கிடையாக வைத்த படலின்மேல் ஒளி நேர்க்குத்தாக விழும். அதே படலை 30 பாகை, 60 பாகை என்று சரித்தால் விளைவு எவ்வளவு குறைகிறதென்பதைக் கோணமானியும் தச்சன் செய்த மரச்சட்டமுமே காட்டிவிடும். 60 பாகையிற் படலின்மேல் நேரே விழும் ஒளி பாதியாகும் என்ற கணித விதியை மாணாக்கன் தன் கண்ணாலேயே காண்பான். நேரொளியோடு வானிலிருந்து சிதறி வரும் ஒளியும் சேர்வதால் அளவீடு பாதிக்குச் சற்று மேற்படும். அவ்வேறுபாட்டுக்குக் காரணந் தேடுதலும் ஒரு பாடமாகும்.

கருவிகளை வாங்குமுன் வினாக்களை நிரைப்படுத்தல் நலம். எவ்வளவு ஒளி விழுகின்றது? படல் எவ்வளவு மின்னைத் தருகின்றது? எவை அதனைக் குறைக்கின்றன? பிறந்த மின்னை எவ்வாறு சேமிப்பது? சேமித்ததை எவ்வாறு பயன்படுத்துவது? இவ்வைந்து வினாவுள் ஒன்றுக்கேனும் விடை காண உதவாத எப்பொருளும், எத்துணைப் பகட்டாயினும், முதலாண்டுப் பட்டியலில் இடம்பெறல் ஆகாது.

ஒளியை அளப்பதற்குரிய பைரனோமீற்றர் என்னுங் கருவி விலை மிக்கது. ஆதலின் ஒன்று மட்டும் வாங்கி, அதனைக் கூடத்தின் கட்டளைக் கருவியாகப் போற்றிக் காத்தல் வேண்டும். மாணாக்கர் குழுவொவ்வொன்றுக்கும் உள்ளங்கையிலடங்கும் சிலிக்கன் சூரியக்கலம் ஒன்று போதும். அதன் குறுஞ்சுற்றோட்டம் விழும் ஒளிக்கு நேர்விகிதமானது. முழுவெயிலில், அதாவது சதுரமீற்றருக்கு 1000 வாற்று கதிர்ப்பில், 100 மில்லியம்பியர் தரும் கலமொன்றின் முனைகளுக்கிடையே 1 ஓம் தடையை இட்டால் 100 மில்லிவோல்ற்று தோன்றும். அப்பொழுது மானியிற் காணும் ஒவ்வொரு மில்லிவோல்ற்றும் 10 வாற்று கதிர்ப்பைக் குறிக்கும். இச்சிறு கருவியைப் பைரனோமீற்றரின் அருகே, ஒரே தளத்தில் வைத்து ஒப்புநோக்கித் திருத்திக் கொண்டால், ஒரு பெருங்கருவியின் நம்பகம் பத்துச் சிறு கருவிகளுக்கும் பரவும். கருவியை விலைக்கு வாங்குவதினும் கருவியைச் செப்பஞ்செய்யக் கற்பது மேலான கல்வி.

படலைத் தெரிவு செய்வதிலேயே பலர் தவறுகின்றனர். பெரியது சிறந்தது என்ற எண்ணம் ஈண்டுப் பொருந்தாது. 300 வாற்றுப் படலொன்று ஏறத்தாழ 32 வோல்ற்றில் 9 அம்பியர் வரை செலுத்தவல்லது. அதனைச் சோதிக்க வேண்டுமாயின் 300 வாற்று வெப்பத்தைத் தாங்கும் மாறுதடை வேண்டும். அதன் விலை படலின் விலையையே மிஞ்சக்கூடும். 10 வாற்றுச் சிறுபடலோ ஏறத்தாழ 17.5 வோல்ற்றில் 0.57 அம்பியர் தரும். 31 ஓம் அளவான தடையே அதன் உச்ச வலுவை வெளிக்கொணரும். அம்பியரளவு ஓட்டத்தைத் தாங்கும் 100 ஓம் இறையோதற்று ஒன்று இதற்குப் போதும். இரண்டு படலுக்கும் விதி ஒன்றே, பாடமும் ஒன்றே. ஒரு பெரும்படலைச் சுற்றி இருபதின்மர் நின்று பார்ப்பதினும், பத்துச் சிறுபடல்களை இருவர் இருவராகக் கையாள்வது பயன் மிக்கது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது இங்கே சிக்கனத்துக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் உகந்த நெறியாயிற்று.

சோதனை முறை எளிது. குழுவுக்கு இரண்டு பல்மானிகள் வேண்டும்: ஒன்று வோல்ற்றுமானியாகவும் மற்றது அம்பியர்மானியாகவும் பயன்படும். இறையோதற்றின் தடையை அடியிலிருந்து முடிவரை மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு அளவையும் குறித்து, வரைபுத்தாளில் இட்டால் படலின் ஓட்ட–வோல்ற்றளவு வளையி தோன்றும். திறந்தசுற்றில் 21.6 வோல்ற்றும், குறுஞ்சுற்றில் 0.62 அம்பியரும் காட்டும் படல் உச்ச வலுவாக 10 வாற்றுத் தருமாயின், முன்னிரண்டின் பெருக்கமாகிய 13.4 ஓடு அதனை ஒப்பிட 0.75 என்ற விகிதம் கிடைக்கும். இது நிரப்புக்காரணி எனப்படும். நல்ல படலுக்கும் பழுதுற்ற படலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வோர் எண்ணே உணர்த்தும். சந்தையிற் படல் வாங்கும் ஏழைக் கமக்காரனுக்கு, இவ்வெண்ணைக் கணிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் ஊரில் இருத்தல் எத்துணை உதவி!

மூன்றாவது வினா, விளைவைக் குறைப்பவை எவை என்பது. வெயில் மிகுந்தால் மின் மிகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வெயிலோடு வெப்பமும் மிகுமன்றோ? படலின்மேற் பொறித்த வலு 25 பாகை செல்சியசில் அளந்தது. வன்னியின் நண்பகலிற் படலின் வெப்பநிலை 60 பாகையை எட்டக்கூடும். சிலிக்கன் படலின் வலு ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 0.4 பங்கு குறைவதால், 35 பாகை ஏற்றத்துக்கு நூற்றுக்கு 14 பங்கு இழப்பு நேரும். படலின் பின்புறத்தில் ஒட்டிய வெப்பநிலை உணரியும், ஈரத்துணி ஒன்றுமே இவ்வுண்மையை நிறுவப் போதுமானவை. அவ்வாறே, தொடராக இணைந்த கலங்களுள் ஒன்றின்மேற் பனையோலைக் கீற்றொன்றின் நிழல் விழுந்தாலும் முழுப் படலின் ஓட்டமும் சோர்வதைக் காட்டலாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இரண்டு படல்களை அருகருகே வைத்து, ஒன்றை நாள்தோறும் துடைத்து, மற்றதைத் துடையாது விட்டு, செம்மண் புழுதி கவரும் பங்கை வாரந்தோறும் அளக்கலாம். இச்சோதனைகளுக்கு ஆகும் மேலதிகச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை; விடைகளோ வன்னிக்கே உரியவை, வேற்றுநாட்டு நூலிற் காணக் கிடையாதவை.

மாரிகாலத்தில் என் செய்வது என்று வினவலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை வானை மூடும். ஞாயிற்றொளிக்கு ஈடாகும் செயற்கையொளிக் கருவிகள் பெருவிலையன. அலசன் விளக்குகளை வரிசையாக்கி ஒளியூட்டலாமாயினும், அவற்றின் ஒளியிற் செங்கீழ்க் கதிர்கள் மிகுதியாதலின், அவ்வளவீடுகளை வெயிலில் எடுத்தவற்றோடு நேரே ஒப்பிடலாகாது. இதற்குத் தீர்வு நாட்காட்டியில் உண்டு. வெளியிற் செய்யவேண்டிய செய்முறைகளைத் தை தொடக்கம் புரட்டாதி வரை அமைத்து, மழை மாதங்களைச் சேமிப்புக்கலம், கம்பியிணைப்பு, கணக்கீடு ஆகியவற்றுக்கு ஒதுக்கினால், வாங்க இயலாத கருவியின் குறை பாடத்திட்டத்தாலேயே நிரம்பிவிடும்.

சேமிப்புக்கலம் நான்காவது வினாவுக்கு உரியது. 12 வோல்ற்று ஈய–அமிலக் கலம் ஒன்றும், இயன்றால் இலிதியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலம் ஒன்றும் போதும். உட்சென்ற சக்தியையும் வெளிவந்த சக்தியையும் அளந்து ஒப்பிடுகையிற் சேமிப்பில் ஏற்படும் இழப்புத் தெரியவரும். மின்னேற்றக் கட்டுப்படுத்தியிலோ மேலும் சுவையான பாடமொன்றுண்டு. உச்ச வலுவைத் தேடிப் பின்தொடரும் வகையென்று பெயர்ப்பலகை தாங்கி, உண்மையில் அவ்வாறு செய்யாத மலிவுக் கட்டுப்படுத்திகள் சந்தையில் உலவுகின்றன. அவற்றைக் கண்டறிய இரண்டு மானிகள் போதும். கலம் 12.5 வோல்ற்றில் நிற்கையிற் படலின் வோல்ற்றளவும் அதனருகே இழுபட்டால் அஃது எளிய வகை. படல் 17 வோல்ற்றை ஒட்டி நிற்க, கலத்துட் செல்லும் ஓட்டம் படலின் ஓட்டத்தை விஞ்சினால் அது மெய்யான வகை. பெயரை நம்பாது அளவை நம்பும் பழக்கம் இவ்வொரு சோதனையாலேயே மாணாக்கனுக்கு வாய்த்துவிடும்.

ஐந்தாவது வினாவுக்குக் கமத்தொழிலே சிறந்த களம். 6 மீற்றர் ஆழத்திலிருந்து 1000 லீற்றர் நீரை உயர்த்துதற்கு வேண்டிய சக்தி 58,800 யூல். அதாவது ஏறத்தாழ 16 வாற்று மணி. நீரிறைக்கும் பொறியும் குழாயும் சேர்ந்து நூற்றுக்கு 30 பங்கே பயன்தருவனவாயின், 54 வாற்று மணி வேண்டும். 100 வாற்றுப் படலொன்று நல்ல வெயிலில் ஒரு மணிநேரத்துக்குள் இதனை அளித்துவிடும். இக்கணக்கைப் போட்டு, சிறு நேரோட்டப் பம்பி ஒன்றையும் அளவு குறித்த வாளி ஒன்றையும் கொண்டு சரிபார்க்கும் மாணாக்கன், தன் தந்தையின் தோட்டக் கிணற்றைப் புதிய கண்ணோடு நோக்குவான்.

மின்வலையமைப்போடு இணையும் இன்வேட்டரை முதலாண்டில் வாங்கவேண்டிய அவசியமில்லை; ஆயினும் அதன் இயல்பைக் கற்பியாது விடலாகாது. ஊரில் மின்தடை ஏற்பட்டதும் கூரைப்படலும் ஏன் ஓய்ந்துவிடுகின்றதென்று வியப்பார் பலர். வலையமைப்பிற் பணிபுரியும் தொழிலாளரின் உயிரைக் காத்தற்பொருட்டே அவ்வகை இன்வேட்டர்கள் தாமாக நின்றுவிடுகின்றன. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்னிலையத்திற் பிறந்த கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கிற்று. மின்தேவை குறைந்த விடுமுறைப் பகலிற் சூரியமின்னின் பங்கு மிகுந்திருந்தமை வலையமைப்பின் உறுதியைக் குறைத்ததென்று பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலிற் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைப்படல்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளரை வேண்டிக்கொண்டது. சூரியமின்னைப் பெருக்குவது மட்டுமன்றி, அதனை ஆளவுங் கற்றோர் நாட்டுக்குத் தேவை என்பதனை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

சிக்கனம் நுழையக்கூடாத இடம் ஒன்றுண்டு, அது பாதுகாப்பு. ஒளி விழும்வரை படலை அணைக்க எவராலும் இயலாது. நேரோட்டத்தில் எழும் மின்வில் ஆடலோட்டத்திற்போல் எளிதில் அணைவதன்று. ஆகவே மாணாக்கர் கையாளும் சுற்றுக்களை 60 வோல்ற்றுக்கு உட்படுத்துதலும், நேரோட்டத்துக்கென்றே அமைந்த ஆளிகளை இடுதலும், சேமிப்புக்கலத்தின் முனைக்கு அண்மையிலேயே உருகி பொருத்துதலும், அமிலக் கலம் இருக்கும் அறைக்கு நல்ல காற்றோட்டம் அமைத்தலும் விலக்கரிய கடமைகள்.

இவற்றையெல்லாங் கருதிக் கையிலுள்ள பொருளைப் பத்துப் பங்காக்கினால், நான்கு பங்கு அளவீட்டுக் கருவிகளுக்கும், இரண்டு பங்கு சிறுபடல்களுக்கும் மாறுதடைகளுக்கும், இரண்டு பங்கு சேமிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் பம்பிக்கும், ஒரு பங்கு பாதுகாப்புக்கும் உரியனவாக, எஞ்சிய ஒரு பங்கைச் செலவிடாது வைத்தல் வேண்டும். அக்கடைசிப் பங்கே பலரும் மறப்பது. அம்பியர்மானியைக் கலத்தின் முனைகளுக்குக் குறுக்கே இணைத்து அதன் உருகியை எரிக்காத மாணாக்கர் வகுப்பு எங்குமில்லை. சில்லறை விலைக்குக் கிடைக்கும் உருகி இல்லாமையால் ஓராண்டு முழுவதும் ஒரு மானி பெட்டியுள் உறங்குவது பொருளிழப்பு மட்டுமன்று, கல்வியிழப்புமாகும். பற்றாசுக்கோல், உதிரிக் கம்பி, உருகி ஆகியன எப்போதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். சூரிய வீதிவிளக்குகளிற் பெரும்பாலும் முதலிற் கெடுவது சேமிப்புக்கலமே. கைவிடப்பட்ட அத்தகைய விளக்குகளின் படல்களைப் பிரதேச சபைகளின் இசைவோடு பெற்றுச் சோதித்து மீட்பதும் கூடத்தின் பணியாகலாம்.

இத்தகைய கல்வி பட்டதாரிகளுக்கு மட்டுமே உரியதென்று கருதுதலும் பிழை. இராசத்தானத்துத் திலோனியா என்னுஞ் சிற்றூரில் 1972 இல் எழுந்த வெறுங்காற் கல்லூரி, எழுத்தறிவு குறைந்த கிராமப் பெண்களுக்கு, நிறங்களாற் பாகங்களை இனங்காட்டி, சூரிய விளக்குகளை இணைக்கவும் திருத்தவும் பயிற்றிவந்துள்ளது. பல நாட்டுப் பெண்கள் அங்கே பயின்று தம் ஊர்களுக்கு ஒளி கொண்டு சென்றனர். போரிற் குடும்பத் தலைவரை இழந்த பெண்கள் பலர் வாழும் வன்னியில், வாரவிறுதி நாட்களில் ஆய்வுகூடத்தின் கதவை ஊராருக்குத் திறந்துவைத்தல் பொருளற்ற செயலாகாது.

இறுதியாக, கூடத்தின் உடைமைகள் அனைத்தினும் அருமையானது ஒன்றுண்டு. அதனை எந்தக் கடையிலும் வாங்கவியலாது. எந்த நாடும் நன்கொடையாக அளிக்கவியலாது. அஃது அளவீட்டுப் பதிவேடு. காலை 6 மணி தொடக்கம் மாலை 6 மணி வரை கால்மணிக்கொருமுறை ஒளியையும் வெப்பத்தையும் வலுவையும் முதலிற் கையாலேயே குறித்து வரைதல் வேண்டும். அதன் இயல்பு விளங்கியபின், ஆடுயினோ போன்ற மலிவான மின்னணுப் பலகைகளிடம் அப்பணியை ஒப்படைக்கலாம். ஒவ்வோர் அணி மாணாக்கரும் தமக்குப் பின்வருவோரிடம் அவ்வேட்டைக் கையளித்துச் சென்றால், பத்தாண்டுகளில் வன்னியின் வெயிலும் முகிலும் புழுதியும் எண்களாகத் திரண்டிருக்கும். எவ்விடத்தில் எத்துணைப் பெரிய படல் வேண்டும், எந்த மாதத்தில் எத்துணைச் சேமிப்பு வேண்டும் என்று ஊரார் வினவும்போது, வேற்றிடத்துக் கணக்கை நம்பாது அவ்வேட்டைப் புரட்டி விடைகூறலாம். அதன் முதற்பக்கத்தை எழுதுவதற்கு ஒரு சிறுபடலும், இரண்டு பல்மானியும், நல்ல வெயிலுமே வேண்டுவன.